இலையில் கேசரி, நோட்டில் மொய்

மார்பில் கட்டி என்று தெரிந்த அன்று அவள் கடையில் தைக்க வேண்டிய பிளவுஸ் 19 கிடந்தன. சித்திரைத் திருவிழா நேரம். தஞ்சாவூரில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த பிறகும் உட்கார்ந்து 17 தைத்துவிட்டாள். மீதி இரண்டுக்கு வாங்கிய அட்வான்ஸை என் கையில் திணித்து, "குடுத்துட்டு வந்துருடி. போற எடத்துல ஏதாவது ஆச்சுன்னா கடங்காரியா போவேன்" என்றாள்.

பெயரைப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அதனால் அவள், அவளாகவே இருக்கட்டும். பேராவூரணியில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது அவளுக்குத் தையல் கடை, நாலு கடை தள்ளி எனக்கு ஜெராக்ஸ் கடை. ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்துப் பந்தல்களில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து மொய் எழுதுவதும் என் வேலைதான்.

வைத்தியத்துக்குப் பணம் இல்லை என்ற நிலைமை வரவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. ஆனால் காப்பீடு ஊசிக்குப் பணம் கட்டும், ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிற வழிக்குக் கட்டாது. பட்டுக்கோட்டை வழியாக 70 கிலோமீட்டருக்கு மேல். முதல் கீமோவுக்கு நான்தான் கூடப் போனேன். ரோஸ் மில்க் எசன்ஸ் நிறத்தில் ஒரு மருந்து. அது ஏறுவதைப் பார்த்துவிட்டு இனி ஜென்மத்துக்கும் ரோஸ் மில்க் குடிக்க மாட்டேன் என்றாள். சிரித்தோம். திரும்பும்போது பஸ் ஒரத்தநாடு வருவதற்குள் மூன்று கேரி பேக் நிறைந்துவிட்டது. நான்காவதாக என் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்துப் பிடித்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. இவள்தான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அன்று ராத்திரியே எங்கள் பத்தாம் வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் ஒருத்தன் போஸ்டரே தயார் செய்துவிட்டான். அவள் போட்டோ, அழுகிற குழந்தைப் படம் ஒன்று (அவள் பிள்ளைகள் இரண்டும் காலேஜ் படிக்கின்றன), கீழே ஜிபே நம்பர், 'உதவும் உள்ளங்களே' என்று சிவப்பு எழுத்து. நல்ல எண்ணத்தில்தான் செய்தான். அதை அவளுக்கே யாரோ அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். தலையில் முடி அப்போது இருந்தது. "காரியப் பத்திரிகைக்குப் போடுற போட்டோவைத் தேடி எடுத்துருக்கீங்களாடி? சும்மா வாங்குற காசு எனக்கு வேணாம். பஸ்லயே போய்க்குறேன்." சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினேன். வெளியே வரும்போது பரண் மேல் துணிப்பையில் அவளுடைய மொய் நோட்டுகள் தெரிந்தன.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம், பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில், ஆடி மாதம் மொய் விருந்து வைப்போம். கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டியதில்லை. நாலைந்து பேர் சேர்ந்து பந்தல் போட்டு ஆட்டுக்கறிச் சோறு போடுவார்கள். சாப்பிட்டவர் மொய் எழுதுவார். எழுதியது கடன், அவர் விருந்து வைக்கும்போது நாம் வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் புதிதாகவும் போட வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. வெட்கம்தான் ஜாமீன்.

அவள் ஒரு தடவைகூட விருந்து வைத்ததில்லை. போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நோட்டைக் கேட்டு வாங்கி வந்து கூட்டிப் பார்த்தேன். 63 பேர் அவளுக்குத் திருப்ப வேண்டியிருந்தது, மொத்தம் 31,700 ரூபாய். "இது உன் காசுடி" என்றேன். ரொம்ப நேரம் நோட்டையே புரட்டினாள். "சரி, வையி" என்றாள்.

வைப்பது எப்படி? கறி விருந்துக்கு ஆகிற செலவு கையில் இல்லை. வெள்ளை அணு குறைந்திருப்பதால் கூட்டத்தில் அவள் உட்காரவும் கூடாது. என் கடை வாசலில் டேபிள் போட்டு டீ, கேசரி, வடை கொடுத்து மொய் எழுதலாம் என்றேன். அவள் பெரியப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "எலை போடாம மொய் வாங்குனா அதுக்குப் பேரு பிச்சை" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பார்த்தால் அவரேதான் வந்து நின்றார், சைக்கிள் கேரியரில் இலைக்கட்டோடு. தன் கொல்லை வாழையில் அறுத்து, டிபன் இலை அளவுக்கு நறுக்கிக் கொண்டுவந்திருந்தார். கேசரியும் வடையும் இலையில்தான் போனது.

ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். வீட்டில் இருந்தபடி வீடியோ காலில் இருந்தாள், தலையில் சின்ன மகனின் துண்டு. நான் வந்தவர் பெயரைச் சொல்வேன். நோட்டில் நான் பக்கம் தேடுவதற்குள் அவள் சொல்லிவிடுவாள். "அவுங்களுக்கு மக சடங்குக்கு 300." "அந்தண்ணனுக்கு ரெண்டு தடவ, 200, அப்புறம் 500." ஒன்றுகூடத் தப்பவில்லை. மருந்து ஞாபகத்தைக் கெடுக்குது என்று என்னிடம் அழுதவள் இவள்.

முதல் ஆளாக வந்தவர் ஒரு தென்னந்தோப்புக்காரர். 2018 நவம்பரில் கஜா புயல் அவர் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனது. அடுத்த ஆடியில் அவர் விருந்து வைத்தபோது ஊரில் யார் கையிலும் காசில்லை. இவள் தோட்டை அடகு வைத்து 1,000 போட்டிருக்கிறாள். எனக்கே அன்றுதான் தெரியும். அவர் 5,000 நீட்டினார். போனில் இவள் கத்துகிறாள்: "நாலாயிரம் புதுசாவா? நான் எங்கண்ணே போவேன் திருப்ப? 500 மட்டும் எழுதுடி!"

அவர் போனை வாங்கினார். "நீ திருப்பிச் செய்யத்தான் தாயி கூடப் போடுறேன். அவசரமில்ல, மெதுவா செய்யி."

எழுதிவிட்டேன்.

மதியம் ஒரு மணிக்கு மூடும்போது 58,900 ரூபாய். 63 பேரில் 52 பேர் வந்திருந்தார்கள். பழைய மொய் 26,200, மீதி புதுசு. வராத 11 பேரைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அவுங்களுக்கு என்ன முடையோ" என்று அடக்கிவிட்டாள். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை கிடையாது. அந்த 11 பெயரும் மனப்பாடம்.

வாடகைக் கார் போகவர 2,800. மிச்சமிருந்த சிவப்பு ஊசி இரண்டு, அதற்கப்புறம் வாரா வாரம் போட்ட ஊசி பன்னிரண்டு, ஆக 14 நடை, 39,200. முன்சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டே வந்தாள். வெள்ளை அணு ஏறப் போடும் ஊசியைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவள், 5,000 ரூபாய்க்கு ஒரு பழைய ஃப்ரிட்ஜ் வாங்கினாள். முட்டி மடக்க முடியாத நாட்களுக்கு ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று, 1,900. அப்புறம் தையல் கடை வாடகை நாலு மாதத்துக்கு 6,000. கடையைக் காலி செய்துவிடச் சொன்ன வீட்டுக்காரரிடம் அன்றைக்குத்தான் அவள் பழைய குரலைக் கேட்டேன்.

மீதி 6,800. முன்பக்கம் திறக்கிற நைட்டி நாலு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பழைய சேலையில் தானே தைத்துக்கொண்டாள். பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானையில் போட்டுவிட்டாள். எதற்கு என்று கேட்டால், "முகூர்த்த நாளு வருதுல்ல" என்கிறாள்.

கரண்ட் (கதிர்வீச்சு) வைத்த மூன்று வாரமும் தஞ்சாவூரில் நாத்தனார் வீட்டில் இருந்தாள். இப்போது தலையில் அரை அங்குலத்துக்குச் சுருள்சுருளாக முளைத்திருக்கிறது. முன்னே கோரை முடி. விரல் நுனி மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. ஊசியில் நூல் கோக்க நாலு தடவை ஆகிறது. நான் கோத்துத் தருகிறேன் என்றால் கையைத் தட்டிவிடுகிறாள்.

தை மாதம் ஒரு காதுகுத்து. மொய் டேபிளில் நான். வரிசையில் முகக்கவசத்தோடு வந்து நின்றாள். அந்த வீட்டார் அவளுக்குப் புதிதாகப் போட்டது 500. அவள் 700 வைத்தாள்.

"ஊரு பேராவூரணி" என்று அடித்துவிட்டு, எல்லாருக்கும் செய்கிற மாதிரி அவள் வீட்டுக்காரர் பெயரை அடிக்க ஆரம்பித்தேன்.

"என் பேரைப் போடு."

"வழக்கமா அவரு பேருலதானடி..."

"ஊசி அவருக்கா போட்டாங்க?"

அழித்துவிட்டு அவள் பெயரை அடித்தேன். ரசீதை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பந்திக்குப் போனாள்.