விசுக்கோத்துக்குத் தமிழ் தெரியாது

மாசி மாதம் எங்கள் கிணற்றடித் தண்ணி மோட்டரைக் களவெடுத்துவிட்டார்கள். இரவு எத்தனை மணிக்கு வந்தார்களோ தெரியாது. விடிய அம்மா பல் விளக்கப் போனால் வெட்டின குழாயிலிருந்து தண்ணி சொட்டிக்கொண்டிருக்கிறது. திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கையைப் போல நல்ல ஒழுங்கை இல்லையென்று வருசக்கணக்காகப் பெருமையடித்த மனுசி, தேத்தண்ணி குடிக்க முதலே முடிவெடுத்துவிட்டா. "நாயொண்டு வேணும். நல்ல கடிநாயா."

அல்சேஷன்தான் அவவுடைய ஆசை. கச்சான் காற்று அனலாய் வீசுகிற ஆனி ஆடியில் அந்த மயிர்ப்பொதியை வைத்து நான் விசிறிக்கொண்டிருக்கவா? கந்தோரில் கூட வேலை செய்கிற பிள்ளைதான் வாட்ஸப்பில் ஒரு படம் காட்டினாள். மண் நிறம், ஒரு காது நட்டுக்கொண்டு, மற்றது மடிஞ்சு. அலஸ்தோட்டத்தில் ஓய்வுபெற்ற நேர்ஸ் அக்கா ஒருவர் வைத்துப் பார்க்கிறாராம். தெருவில் கஷ்டப்படுகிற நாய்களைக் கொண்டுவந்து மருந்து கட்டி, தேற்றி, நல்ல வீடு கிடைக்கும்வரை வைத்திருப்பார். இது அவருக்குப் பதினோராவது.

போய்ப் பார்த்தேன். கேற்றைத் திறக்க முதலே வந்து என் செருப்பை மணந்து, பிறகு காலில் சாய்ந்துகொண்டு நின்றான். குரைக்கவில்லை. "கள்ளன் வந்தாலும் இப்படித்தானோ அக்கா?" என்று கேட்டேன். "கள்ளனுக்குச் சாய இடம் குடுத்தா இப்படித்தான்" என்றார்.

பிறகுதான் கதையைச் சொன்னார். அவன் ஒரு சீசன் நாய். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். சித்திரை வைகாசியில் வெள்ளைக்காரர் வரத் தொடங்கினால் புரட்டாசிவரை கடற்கரை நாய்களுக்கு ராச வாழ்க்கை. ஒருவர் பாண் போடுவார், ஒருவர் மீன் போடுவார், ஒருவர் உண்ணி பிடுங்கிவிடுவார், பெயரும் வைப்பார். ரெண்டு கிழமையில் அவர் போக, அடுத்தவர் வருவார். ஐப்பசியில் வாடை மழை இறங்கினதும் விடுதிகள் பூட்டு. அதுவரை கையேந்தித் தின்ற நாய்க்கு குப்பையில் போட்டி போடத் தெரியாது. கார்த்திகை மழையில் பூட்டின விடுதியொன்றின் படியில் விலா எலும்பு தெரியக் கிடந்தவனைத்தான் அக்கா ஓட்டோவில் ஏற்றி வந்தாராம்.

அவன் எல்லாருடனும் ஒட்டுவதற்குக் காரணம் இப்ப விளங்கியது. அவன் கண்ட மனிசர் எல்லாரும் நல்லவர்கள். என்ன, ஒருவரும் நிற்கவில்லை.

"உடன தரமாட்டன் தங்கச்சி. வீட்டைப் பாக்கவேணும்" என்றார். சம்பந்தம் பேச வந்தவர்கூட எங்கள் வீட்டை இவ்வளவு துருவிப் பார்த்ததில்லை. ஸ்கூட்டரில் வந்து இறங்கி, முருங்கைக்குப் பின்னால் தகர வேலியில் இருந்த பொட்டைக் கண்டுபிடித்தார். கேற்றுக்குக் கீழ் கையை விட்டு இடைவெளி பார்த்தார். அம்மா பிளேன்ரீ கொடுத்தா. குடித்துக்கொண்டு, "அம்மா, நாயை எங்க கட்டுவீங்கள்?" என்று கேட்டார். அம்மா சந்தோசமாக, "அந்தா, அந்த மாமரத்தில. நல்ல நிழல்" என்றா. அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அரை மணித்தியாலப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு சங்கிலி இல்லை என்று ஒப்பந்தம். பொட்டை நான் அடைக்கவேண்டும். ஒரு கிழமை வைத்துப் பார்த்து, சரிவராவிட்டால் அவரிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும், ரோட்டில் விடக்கூடாது. அம்மா விசர்நாய்ப் பயத்தைக் கிளப்பினா. நியாயமான பயந்தான். அந்த நோய் வெளியே தெரியத் தொடங்கினால் மனிசரைக் காப்பாற்ற வழியில்லை. அக்கா ஊசி போட்ட கார்டை எடுத்து மேசையில் வைத்தார். குட்டிகள் பெருகாமல் இருக்க ஒப்பரேசனும் செய்தாயிற்று. தெருநாய்களைக் கொல்வதை 2006இல் அரசாங்கம் நிறுத்தியது. அது நல்லது, ஆனால் கொல்லாமல் விட்டதோடு கடமை முடிந்ததென்று நினைத்துவிட்டோம். ஒப்பரேசனுக்கு ஓடுப்படுவது இந்த அக்கா மாதிரி ஆட்கள், கைக்காசைப் போட்டு.

பங்குனியில் வந்து சேர்ந்தான். கூடவே அவன் படுத்த பழைய பெட்சீற்றும் ("தோய்க்காதேங்கோ, மணம் போயிடும்"), ஒரு மருந்துச் சரையும். மாசியில் உண்ணிக் காய்ச்சல் வந்ததால் டொக்சிசைக்ளின் 28 நாள், அதில் இன்னும் பத்து நாள் பாக்கி. வெறுவயிற்றில் கொடுக்கக்கூடாது, பாலோடும் கூடாது. கந்தோர் போகிற அவதியில் நான் வாயைத் திறந்து போட்டால், அவன் மரியாதையாக வாங்கி, நான் திரும்பினதும் மரியாதையாகத் துப்பிவைப்பான். மூன்றாம் நாள் அம்மா பொறுக்கமுடியாமல் சூடை மீனை அவித்து முள் எடுத்து, குளிசையை உள்ளே வைத்து, சோற்றோடு உருட்டி நீட்டினா. நாய் கிட்ட வந்தால் சீலையைத் தூக்கிப் பிடிக்கிற மனுசி. அவன் உருண்டையை முன்பற்களால் மட்டும் எடுத்தான், விரலில் எச்சில்கூடப் படவில்லை. அம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

அக்கா வைத்த பெயர் பிஸ்கட். அம்மா முதல் நாளே அதை விசுக்கோத்து ஆக்கிவிட்டா. இப்ப கோத்து.

பெரிய பிரச்சினை பாஷை. "வா" என்றால் வரமாட்டான். "இரு" என்றால் நிற்பான். செவிடோ என்று நினைத்தோம். ஒருநாள் தற்செயலாக நான் போனில் யாருக்கோ "கம்" என்று சொல்ல, கிணற்றடியிலிருந்து ஓடிவந்து முன்னால் நின்றான். கடற்கரையில் அவனுக்குக் கிடைத்த படிப்பு அவ்வளவும் இங்கிலீசு. இங்கிலீசே வாயில் வராத அம்மா இப்ப பின்னேரமானால், "கம் கோத்து, கம்! சிட்!" என்று ஒழுங்கை கேட்கக் கத்துறா. எதிர்வீட்டுப் பெடியன் சிரித்துச் சாகிறான்.

காவல் விசயத்தில் தோல்விதான். ஒளிக்க ஒன்றுமில்லை. டச் பே கடற்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிப்போனால் பிரெட்றிக் கோட்டை மான்கள் ரோட்டுக்கு வந்துநிற்கும். ஊர் நாய்கள் சில மானைக் கண்டால் கலைக்கும், கடிக்கவும் செய்யும். நான் பட்டியை இறுக்கிப் பிடித்தேன். கொம்பு வைத்த ஒரு ஆண் மான் நேரே வந்து என் கையிலிருந்த கச்சான் கடலைச் சரையைப் பிடுங்கித் தாளோடு சப்பியது. இவன் குந்தியிருந்து வாலாட்டிக்கொண்டு பார்க்கிறான். "கள்ளனுக்கு டோர்ச் பிடிக்கிற சாதி" என்றா அம்மா. புது மோட்டருக்குக் கம்பிக்கூடு வெல்டிங் செய்து பூட்டுப் போட்டோம். அந்த வேலையைக் கூடு பார்க்கட்டும்.

அவன் பயந்து நான் கண்டது ஒன்றுக்குத்தான். ஆடியில் கனடாவிலிருந்து அண்ணா வந்தான், 23 கிலோப் பெட்டி ரெண்டு. அண்ணாவோடு நாள் முழுக்க ஒட்டித் திரிந்தான் கோத்து. திரும்பிப் போக முதல்நாள், பெட்டிச் சில்லு சரியாக ஓடுதோ என்று அண்ணா விறாந்தையில் உருட்டிப் பார்த்தான். கடகடவென்ற சத்தம். கோத்து எழும்பிப் போய் மோட்டர்க் கூட்டுக்குப் பின்னால் முகத்தைச் சுவருக்கு வைத்துப் படுத்துவிட்டான். "கம்" சொல்லியும் வரவில்லை, இறைச்சி காட்டியும் வரவில்லை. அக்காவுக்குப் போன் எடுத்தேன். "விடுதி முத்தமெல்லாம் அந்தச் சத்தந்தானே தங்கச்சி" என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மற்ற நாள் விடியப்புறம் வான் வந்து நின்றது. அண்ணா பெட்டியின் கைப்பிடியை இழுத்தான்.

"உருட்டாத. தூக்கிக்கொண்டு போ."

"அம்மா, 23 கிலோ!"

"தூக்கு எண்டுறன்."

தூக்கினான், நாரிப்பிடிப்போடு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, ரெண்டு தரம். கேற்றடியில் கோத்து வான் சாரதியின் காலில் சாய்ந்துகொண்டு நின்றான்.