தொடாமலே அடக்கப்படும் உருகிய எஃகு

ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸில் ஓடும் எஃகுக்குள் எதை விட்டுக் கலக்கினாலும் அது அரிக்கப்பட்டு, எஃகையும் மாசுபடுத்திவிடும். அந்த எஃகைத் தொடாமலேயே கலக்கவும் தடுக்கவும் மின்காந்தப் புலத்தால் முடிகிறது. இரும்பு 770 டிகிரியைத் தாண்டியதும் காந்தத்தால் ஈர்க்கப்படும் குணத்தை ஏறக்குறைய முழுதும் இழந்துவிடுகிறது என்றாலும், மின்சாரத்தைக் கடத்தும் தன்மை அதனிடம் எஞ்சியிருக்கிறது. புலத்துக்குப் பிடிமானம் அதுதான்.

உருகிய எஃகை இடைவிடாமல் ஊற்றி உறையவைக்கும் தொடர் வார்ப்பில், நீரால் குளிர்விக்கப்படும் செப்பு அச்சுக்குள் ஒரு குழாய் வழியாக எஃகு பாய்கிறது. குழாயின் பக்கத் துளைகளிலிருந்து சீறும் தாரைகள் அச்சின் குறுகிய சுவர்களில் மோதி, மேலும் கீழுமாகப் பிரிகின்றன. மேலே செல்லும் ஓட்டம் மிதமிஞ்சினால், மேற்பரப்பை மூடியிருக்கும் வார்ப்புத் தூளை உள்ளே இழுத்துவிடும். கீழே பாய்வதோ, மிதந்து மேலே வந்திருக்க வேண்டிய அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) துகள்களை ஆழத்துக்குக் கொண்டுபோய்ச் சிக்கவைக்கும். அச்சின் ஓர் அகலச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஊடுருவும் ஒரு நிலையான காந்தப்புலத்தை நிறுத்தினால், அதைக் கடக்கும் எஃகில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அந்த மின்னோட்டமும் புலமும் சேர்ந்து ஓட்டத்துக்கு எதிரான விசையை உண்டாக்குகின்றன. வேகம் கூடக் கூட விசையும் கூடுவதால், முரட்டுத் தாரைக்கே தடை அதிகம். இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்தது இந்தத் தடைதான். ஆனால் புலத்தை எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். இடம் தவறினால் ஓட்டம் அடங்காமல் வேறு பாதைக்குத் திரும்பிவிடும்.

கலக்குவதற்குச் சுழலும் புலம் வேண்டும். மாறுபுலத்தின் அதிர்வெண் உயர்ந்தால் செப்பு அச்சே அதை மறித்துவிடும் என்பதால், அச்சிலேயே கலக்கும்போது சில ஹெர்ட்ஸ் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உறையும் முகப்பில் வளரும் படிகக் கிளைகள் இந்தச் சுழற்சியில் முறிந்து, புதிய படிகங்களுக்கு வித்தாகின்றன. நடுப்பகுதியில் கார்பன் போன்ற தனிமங்கள் திரள்வதும் குறைகிறது.

அலுமினியத்திலோ அதிர்வெண்ணை வேண்டுமென்றே சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு உயர்த்துகிறார்கள். அப்போது புலம் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கோடு நின்று, உலோகத்தை உள்நோக்கி அழுத்துகிறது. 1960-களில் சோவியத் ஒன்றியத்தில் கெட்செலெவ் குழுவினர் இந்த அழுத்தத்தையே சுவராக்கி, அச்சின் சுவர் படாமல் அலுமினியத்தை வார்த்தார்கள். சுவரில் உராயாததால் மேற்பரப்பு வழுவழுப்பாக அமைந்தது.

அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் மின்பகுப்புக் கலங்களில் இதே விசை தொல்லையாகிறது. லட்சக்கணக்கான ஆம்பியர் பாயும்போது, மேலே மின்பகுளியும் கீழே உருகிய அலுமினியமும் சந்திக்கும் பரப்பில் அலைகள் எழுந்து, அளவு மீறினால் உலோகம் நேர்மின்முனையைத் தொட்டுவிடும். ஆகவே அங்கே மின்கடத்திப் பட்டைகளைக் கலத்தைச் சுற்றி எப்படிக் கொண்டுசெல்வது என்பதை, செங்குத்துப் புலம் குறையும்படி கணக்கிட்டே முடிவு செய்கிறார்கள்.