குளிர்காலத்தில் நிறுத்தி வைத்த பைக்கின் பேட்டரி: நவம்பர் முதல் ஏப்ரல் வரை

டொராண்டோவில் நவம்பர் நடுவில் வண்டியை மூடி வைத்தால் மறுபடி எடுக்க ஏப்ரல் ஆகிவிடும். இடையில் ஹீட்டர் இல்லாத கராஜில் மைனஸ் 20 வரைகூட இறங்கும். பேட்டரி போனால் பழி குளிர் மேல்தான் விழுகிறது. ஆனால் முழு சார்ஜில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியின் அமிலம் உறைய மைனஸ் 50-க்கும் கீழே போக வேண்டும். சார்ஜ் இறங்க இறங்க அமிலத்திலுள்ள சல்பேட் தட்டுகளில் படிந்துவிடும், மிச்சம் கிட்டத்தட்டத் தண்ணீர். அது மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து பெட்டியில் விரிசல் விடும். உறையாமல் தப்பினாலும் தட்டில் படிந்த சல்பேட் நாள்பட்டால் கெட்டியாகிவிடும், பிறகு எந்தச் சார்ஜர் போட்டாலும் முழுதாகக் கரையாது. ஓல்டேஜ் 12.6-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் இரண்டு ஆபத்தும் இல்லை.

நவம்பர்

வண்டியில் இருப்பது ஒய்டிஎக்ஸ்14-பிஎஸ் என்ற மாடல் பேட்டரி, 12 ஓல்ட், 12 ஆம்பியர்-அவர், மூடிய ஏஜிஎம் வகை (அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் ஊற வைத்த லெட்-ஆசிட்). சார்ஜர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது, சாவி ஆஃபில் இருக்கும்போது வண்டி எவ்வளவு கரன்ட் குடிக்கிறது என்று பார்ப்பது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, கேபிளுக்கும் நெகட்டிவ் டெர்மினலுக்கும் நடுவே மாட்டணும். இரண்டு நிமிடம் விட்டுப் பார்த்து, எண் மிகச் சிறியதாக இருந்தால் மில்லி ஆம்பியருக்கு மாறலாம். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. ஹெட்லைட் கரன்ட் பாய்ந்து மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும்.

இந்த வண்டியில் காட்டியது 3 மில்லி ஆம்பியர், கடிகாரமும் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மெமரியும் சேர்த்து. அற்பமாகத் தெரியும். ஒரு நாளைக்கு 0.072 ஆம்பியர்-அவர் என்றால் 150 நாளில் 10.8. மொத்தமே 12 தான்! அலாரம் அல்லது ஜிபிஎஸ் டிராக்கர் போட்ட வண்டி 10 மில்லி ஆம்பியர் இழுத்தால் 50 நாளிலேயே காலி. பேட்டரியைக் குளிர்காலத்தில் சாகடிப்பது பெரும்பாலும் இந்தக் கசிவுதான். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்தாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

முழுதாக வெளியே எடுப்பதாக இருந்தால் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டில் இருக்கும் ஸ்பானர் ஃபிரேமில் பட்டால் நேரடி ஷார்ட். இந்த வகை டெர்மினலில் சதுர நட் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும், போல்ட் வந்ததும் உள்ளே சரிந்து விழுந்துவிடும். அதற்குக் கீழே ஒரு துண்டு ஸ்பான்ஞ் அல்லது பெட்ரோல் ஹோஸ் வெட்டி வைத்தால் நட் தூக்கி நிற்கும். ஏப்ரலில் மாட்டும்போது கை நடுங்காது. டெர்மினலில் வெள்ளை, பச்சைப் படிவு இருந்தால் ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பச் சோடா கரைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்து உலர விட வேண்டும்.

டிசம்பர், ஜனவரி

பேட்டரி இப்போது வீட்டு பேஸ்மெண்ட் அலமாரியில். கான்கிரீட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்பது பழைய ரப்பர், மரப் பெட்டிக் காலத்துப் பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒரு பொருட்டில்லை. வீட்டுக்குள் கொண்டு வந்ததற்குக் காரணம் சார்ஜிங் ஓல்டேஜ். 25 டிகிரியில் 13.6 ஓல்ட் ஃபுளோட் (நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்கும் ஓல்டேஜ்) போதும் என்றால், குளிர் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சுமார் 0.018 ஓல்ட் ஏற்ற வேண்டும். மைனஸ் 5-இல் அரை ஓல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். வெப்பநிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளாத மலிவுச் சார்ஜர் குளிர்ந்த கராஜில் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே பேட்டரியைக் குறைச் சார்ஜில் வைத்திருக்கும். அதற்காக ஃபர்னஸ் பக்கத்திலும் வைக்க வேண்டாம், சூடு கூடினால் தானாக இறங்கும் வேகமும் கூடும்.

சார்ஜர் 0.75 ஆம்பியர் மெயின்டெய்னர், பேட்டரி நிறைந்ததும் தானே கரன்ட்டைக் குறைத்துக்கொள்ளும் வகை. இந்த அளவு பேட்டரிக்கு 1.2 ஆம்பியர் வரை போகலாம், கார் சார்ஜரின் 10 ஆம்பியர் வேண்டவே வேண்டாம். நிற்காமல் ஒரே கரன்ட் தள்ளும் பழைய டிரிக்கிள் சார்ஜரையும் மாதக்கணக்கில் விடக் கூடாது, மூடிய பேட்டரிக்குள் தண்ணீர் வற்றினால் மறுபடி ஊற்ற வழியில்லை. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரலாம், காற்றோட்டம் இருக்கட்டும்.

பச்சை விளக்கை நம்பாமல், சார்ஜரைக் கழற்றி 12 மணி நேரம் விட்டு அளந்ததில் 12.86. அப்படியே எதிலும் இணைக்காமல் வைத்து ஒரு மாதம் கழித்துப் பார்த்ததில் 12.81. எப்போதும் செருகியே வைக்கத் தேவையில்லை என்பதற்கு இந்த 0.05 போதுமான சாட்சி. நல்ல ஏஜிஎம்முக்கு மாதம் ஒரு இரவு சார்ஜ் தாராளம். ஓய்வில் 12.4 வந்தால் முக்கால்வாசிதான் இருக்கிறது, 12.2 என்றால் பாதி. சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.6 பக்கமே நின்றால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது, அதோடு போராட வேண்டாம்.

பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் ஸ்மார்ட் சார்ஜர் அதை அடையாளமே காணாது. நல்ல 12 ஓல்ட் பேட்டரி ஒன்றை பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் இணைத்துச் சார்ஜரைப் போட்டால் வேலை தொடங்கும். ஓல்டேஜ் ஏறியதும் துணைப் பேட்டரியைக் கழற்றிவிடலாம். பக்கத்தில் இருந்து, பெட்டி சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது. உறைந்த பேட்டரியில் ஒருபோதும் செய்யக் கூடாது.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐடிலில் விடுவது பலரின் பழக்கம். செல்ஃப் எடுத்த கரன்ட்டே அந்த நேரத்தில் சரியாகத் திரும்புவதில்லை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர் தேங்கும். மூடிய கராஜில் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து.

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம்: பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றாதீர்கள், டீசல்ஃபேஷன் (தட்டில் படிந்த சல்பேட்டைக் கரைக்கப் பார்க்கும்) மோடு உள்ள சார்ஜரை மாட்டாதீர்கள்.

ஏப்ரல்

மாட்டும்போது வரிசை தலைகீழ், பாசிட்டிவ் முதலில். டெர்மினலை இறுக்கிய பிறகு மேலே லேசாக வாஸ்லின். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரை பேட்டரியிலேயே வைத்துப் பார்த்ததில் 10.4 வரை இறங்கியது, 9.5-க்குக் கீழே போகாத வரை பயமில்லை. எஞ்சின் சூடான பின் 4,000 ஆர்பிஎம்மில் 14.2. இந்த இடத்தில் 13.5-ஐத் தாண்டவில்லை என்றால் புதுப் பேட்டரிக்குப் பணம் போடுவதற்கு முன் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் (எஞ்சின் தரும் கரன்ட்டை பேட்டரிக்கேற்ப மாற்றும் பெட்டி) கனெக்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் உலோக முள் ஏதாவது கருகியிருக்கிறதா என்று பாருங்கள். முள் சுத்தமாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது ஸ்டேட்டர், எஞ்சினுக்குள் கரன்ட் உண்டாக்கும் சுருள்.