பதிவிட்டவரிடம் யார் பேசினார்கள்?

"சமூக வலைத்தளங்களில் கண்டனம் வலுக்கிறது" என்று தொடங்கும் செய்தியைத் திறக்கும்போதெல்லாம், அதற்குள் காட்டப்பட்டுள்ள பதிவுகளை எண்ணிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பதிவுகள் இருக்கும். சில நேரங்களில் இரண்டுதான். எழுதியவர் யார், எந்த ஊர், சொன்ன விஷயத்தோடு அவருக்கு என்ன தொடர்பு என்பது எதுவும் இருக்காது. "நெட்டிசன்கள்" என்ற ஒற்றைச் சொல் அந்தக் கேள்விகள் அனைத்தையும் மூடி மறைத்துவிடுகிறது.

செய்தியாளர்கள் சமூக வலைத்தளங்களைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் பயணிகள் விமானம் இறங்கியபோது, அதன் முதல் படங்களில் ஒன்றை உதவிக்குச் சென்ற படகிலிருந்த ஒரு பயணிதான் ட்விட்டரில் பகிர்ந்தார். நிருபர் போய்ச் சேர முடியாத இடத்தில் ஒரு சாட்சி ஏற்கெனவே நிற்கிறார் என்றால் அவரைத் தேடிப் போவதே முறை. ஆனால் தேடிப் போக வேண்டும். அவர் எழுதியதை எடுத்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க் பங்குச் சந்தையின் வர்த்தகத் தளத்தில் மூன்றடி வெள்ளம் நிற்பதாகப் பரவிய தகவல் சி.என்.என். தொலைக்காட்சியின் ஒளிபரப்பு வரை போனது. அது பொய். அந்தக் கட்டடத்தில் இருந்த யாரையாவது தொலைபேசியில் கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கே களவாடப்பட்டு, வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்ததாக ஒரு பதிவு வந்தது. சில நிமிடங்களுக்குள் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஏறக்குறைய 140 புள்ளிகள் சரிந்து மீண்டது. நம்பகமான கணக்கு என்பதும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இவையெல்லாம் விரைவில் திருத்தப்பட்டன. வெள்ளம் வந்ததா, குண்டு வெடித்ததா என்பதை யாரேனும் சரிபார்த்துவிடுவார்கள். கருத்துகளின் கதை வேறு. என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வதும் அதுவே. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்து அமெரிக்கர்களைப் போல் நடித்து எழுதிய 2,752 கணக்குகளின் பட்டியலை ட்விட்டர் நிறுவனம் 2017-இல் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் கொடுத்தது. அவற்றில் சிலவற்றின் பதிவுகளை, பெயர்பெற்ற பல செய்தி நிறுவனங்கள் சாதாரண அமெரிக்கரின் மனநிலையாக அதற்கு முன்பே மேற்கோள் காட்டியிருந்தன. "மக்கள் கோபத்தில் இருக்கிறார்கள்" என்ற வாக்கியத்தைப் பொய் என்று நிரூபிக்க யாராலும் முடியாது. ஆகவே அதைச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதியவருக்கும் தோன்றுவதில்லை. பட்டியல் வெளிவராமல் இருந்திருந்தால், அந்த இல்லாத மனிதர்கள் இன்றும் சாதாரண அமெரிக்கர்களாகவே அச்செய்திகளில் வாழ்ந்துகொண்டிருப்பார்கள்.

உண்மையான மனிதருக்கும் இதில் இழப்பு உண்டு. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது புகைப்படக் கலைஞர் டேனியல் மொரேல் ட்விட்டர் வழியாகப் பகிர்ந்த படங்களை ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனமும் கெட்டி இமேஜஸ் என்ற படநிறுவனமும் அவருடைய அனுமதியின்றி விநியோகித்தன. 2013-இல் நீதிமன்றத்தின் நடுவர் குழு (ஜூரி) அவருக்கு 12 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அவர் தொழில்முறைக் கலைஞர், வழக்காடும் வழியை அறிந்தவர். தோழிகளுக்காக எழுதிய நான்கு வரி, மறுநாள் காலை தன் பெயருடனும் படத்துடனும் தலைப்புச் செய்தியாகியிருப்பதைக் காணும் ஒரு பெண் யாரிடம் போய்க் கேட்பார்?

அதனால்தான், பதிவுகளை வைத்து எழுதப்பட்ட எந்தச் செய்தியிலும் நான் இப்போது முதலில் தேடுவது ஒரு வரியை: "பதிவிட்டவரை நாங்கள் தொடர்புகொண்டு பேசினோம்." அல்லது, தொடர்புகொள்ள முயன்றும் பதில் கிடைக்கவில்லை என்ற நேர்மையான ஒப்புதலையாவது. அந்த வரி இல்லாத செய்தியை நான் யாருக்கும் பகிர்வதில்லை.