மயக்கம் வேறு, தூக்கக் கலக்கம் வேறு: மாணவர்களோடு ஒரு பாலியேட்டிவ் கேர் ஆய்வு

முற்றிய நோயுள்ளவர்களின் வலியையும் மற்றத் தொந்தரவுகளையும் தணிக்கும் பாலியேட்டிவ் கேர் பற்றி, நோயாளிகளின் வீடுகளுக்கே போய் மருத்துவ மாணவர்கள் செய்த ஆய்வின் அறிக்கை ஒருவழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) மருத்துவ மாணவர்களுக்கு நடத்தும் எஸ்.டி.எஸ். போன்ற குறுகிய கால ஆய்வுத் திட்டங்களில் ஆய்வுக்குக் கிடைப்பது இரண்டே மாதம். நெல்லைப் பக்கம் அடுத்து யாராவது மாணவர்களை வைத்து இதே வேலையை எடுத்தால் உதவட்டும் என்று, நாங்கள் இடறிய இடங்களை எழுதுகிறேன். தலைப்பு பிடிப்பது, பழைய கட்டுரைகளைத் தேடுவது, எக்செல்லில் ஏற்றுவது எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன.

ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியிலிருந்து கோப்பு இரண்டு முறை திரும்பியது. தமிழ் ஒப்புதல் படிவத்தை வேறொருவர் மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்த்த சான்று இல்லை என்பது முதல் காரணம். கோப்பை வாங்கிய எழுத்தர் அதைச் சொல்லவே இல்லை. கூட்டத்தன்று காலையில்தான் வாயைத் திறந்தார். ஒரு மாதம் வீண். கூட்டம் நடக்கக் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் வேண்டும், மருத்துவம் சாராதவரும் அதில் இருக்க வேண்டும். அவர் வராவிட்டால் கூட்டம் தள்ளிப்போகும். அதனால் கமிட்டி வேலையை ஆய்வுக் காலம் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

இரண்டாம் முறை திருப்பியதில் நியாயம் இருந்தது. “வலி பத்துக்கு 8 என்று ஒருவர் சொன்னால், உங்கள் மாணவர் அதைக் குறித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவாரா?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வலி 7 அல்லது அதற்கு மேல் வந்தால், அந்த வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே சிகிச்சை தரும் மருத்துவருக்குப் போன் செய்து, நேரத்தைத் தாளில் எழுத வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்தோம். அதனால் சிலருக்கு வலி மருந்தான மார்ஃபினின் அளவு அன்றைக்கே மாறியது. எங்கள் ஆய்வில் எனக்கு மிகவும் நிறைவு தந்த பகுதி அதுதான்.

அனுமதி வந்ததும் அம்பாசமுத்திரம் பக்கம் முதல் வீடு. படிவத்தின் தலைப்பிலேயே “புற்றுநோயாளிகள்” என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மகன் வாசலிலேயே மறித்தார்: “அப்பாவுக்கு வயித்துப் புண்ணுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். அந்தத் தாள வெளிய எடுக்காதீய.” அன்றைய பயணம் அதோடு முடிந்தது. தலைப்பை “நாள்பட்ட நோயுள்ளவர்களின் உடல் தொந்தரவுகள்” என்று மாற்றினோம். ஒரு சொல்லை மாற்றினாலும் கமிட்டியின் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் புதுப் படிவத்தைப் பயன்படுத்தலாம். இன்னும் பன்னிரண்டு நாள் போயிற்று. “எனக்கு என்ன நோய்?” என்று நோயாளியே கேட்டால் மாணவர் பொய் சொல்லக் கூடாது, தானாக உடைக்கவும் கூடாது, “டாக்டரைக் கூட்டி வருகிறேன்” என்று சொல்லி, சொன்னபடி கூட்டி வர வேண்டும். கைநாட்டு வைப்பவர்களுக்குக் குடும்பத்தையும் ஆய்வுக் குழுவையும் சேராத ஒரு சாட்சி வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ செவிலியரோடு போனால் கதவு சீக்கிரம் திறக்கும். ஆனால் சிகிச்சை தருபவரையே சாட்சியாக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் போதும்.

அதிக நாளைத் தின்றது, நோயாளியின் தொந்தரவுகளை எண்ணால் அளக்கும் எசாஸ் (ESAS) கேள்வித்தாள். 1991-இல் கனடாவின் எட்மன்டனில் உருவானது. ஒன்பது தொந்தரவுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. ‘ட்ரவுசினஸ்’ என்பதற்கு மாணவர்கள் ‘மயக்கம்’ என்று போட்டிருந்தார்கள். மேலப்பாளையத்தில் ஒரு பெரியம்மா அதற்கு 8 என்றார். செவிலியர் துருவிக் கேட்டபோதுதான், எழுந்து நின்றால் தலை கிறுகிறுப்பதைச் சொல்கிறார் என்று புரிந்தது. பகலில் அவர் கண் அசருவதே இல்லை. அதுவரை வாங்கிய தாள்களில் அந்த வரியின் பதிலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, கேள்வித்தாளில் ‘தூக்கக் கலக்கம்’ என்று மாற்றினோம். சரிபார்த்த தமிழ் வடிவம் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள், சொந்தமாக மொழிபெயர்க்க வேண்டாம்.

“வலிக்கா?” என்றால் “இல்ல” என்பவர், “கடுக்கா, உளையுதா, குத்துதா?” என்றால் மூன்றுக்கும் தலையாட்டுவார். தாள் கேட்பது ‘இப்போது’ எப்படி என்று. வரும் பதிலோ “ராத்திரிதான் தாங்கல”. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்க மாணவர்களுக்குப் பழக்கம் வர ஒரு வாரம் ஆயிற்று. எண் பிடிபடாத ஒரு தாத்தாவிடம் ஒரு மாணவி “ரூபாய்க்கு எத்தனை அணா?” என்று கேட்டு வந்தார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் பதினாறில் வாங்கியதைப் பத்தோடு ஒப்பிட முடியாது. பிறகு எல்லோரும் விரலுக்கு மாறினோம்: மூடிய கை என்றால் ஒன்றுமில்லை, பத்து விரலும் விரிந்தால் தாங்கவே முடியவில்லை. முதல் பத்து பேரிடம் இரண்டு மாணவர்கள் சேர்ந்து போய்த் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கேட்கும் விதத்தில் எங்கோ தவறு.

நான்காவது வாரம் மறுபடி பார்ப்பது என்று திட்டத்தில் எழுதியது எங்கள் பெரிய பிழை. அதற்குள் பலர் இறந்துவிடுவார்கள், சிலருக்குப் பேச முடியாது. ஒரு மாணவர் பட்டியலைப் பார்த்து ஒரு வீட்டுக்குப் போன் செய்தார். அங்கே அன்றைக்குத்தான் இறந்துபோன நோயாளிக்குக் காடாத்து. அந்த மகள் கோபப்படவில்லை, அழுதார். பையன் இரண்டு நாள் வார்டுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு தினமும் காலை செவிலியரிடம் கேட்காமல் எந்த எண்ணையும் அழைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்த வீட்டுப் பக்கம் ஆய்வுக்கென்று யாரும் போகவுமில்லை. இரண்டு மாதம்தான் கையில் என்றால் ஒரே முறை பார்க்கும் ஆய்வாக வையுங்கள். தொடர்ந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஏழாம் நாள் போதும். ஒரு மாணவருக்கு நாளைக்கு மூன்று வீட்டுக்கு மேல் வேண்டாம். சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசாமல் விடுதிக்கு அனுப்பாதீர்கள்.

விடுபட்டவர்களை இறந்தவர், பேச முடியாதவர், மறுத்தவர் என்று முதல் நாளிலிருந்தே தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். ‘கிடைக்கவில்லை’ என்று ஒரே சொல்லில் நாங்கள் எழுதி வைத்ததைப் பிரிக்க, அறிக்கைக்கு முந்தைய மூன்று நாளும் செவிலியரின் பழைய நோட்டுகளோடுதான் போயின.