கட்டை அடுக்கும்போது கையைப் பாருங்கள்

பிறக்கும் நேரத்தில் மூளையில் பக்கவாதம் வந்த குழந்தை கடகடவென்று பேச ஆரம்பித்ததும் "இனிக் கவலையில்லை" என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்துப் பாட்டிமார் நிம்மதி அடைந்துவிடுவார்கள். பேச்சு விஷயத்தில் அது பெரும்பாலும் சரி. தாமதமானாலும் வந்து சேர்ந்துவிடும். ஆனால் வடிவமும் இடமும் அறியும் திறனில் விழுந்த குறை லேசாகவேனும் நீடிக்கிறது.

அமெரிக்காவின் சான் டியேகோவில் ஆய்வாளர் ஜோன் ஸ்டைல்ஸ் குழுவினர் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். வலது மூளை அடிபட்டால் பகுதிகளைச் சேர்த்து முழு வடிவம் ஆக்குவது சிரமம். இடது மூளை அடிபட்டால் மொத்த உருவம் வரும், உள்ளே நுணுக்கம் குறையும். புள்ளிக்கோலமாக நினைத்துப் பாருங்கள்: ஒன்றில் வளைவுகள் உண்டு, கோலம் சேரவில்லை, மற்றதில் கோலத்தின் வெளிவடிவம் உண்டு, உள்வளைவுகள் இல்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். 2.5 செ.மீ. மரக்கட்டை பத்து போதும். நீங்கள் கட்டியதைக் கலைக்காமல் எதிரில் வைத்து, அதைப் பார்த்துக் கட்டச் சொல்லுங்கள். 3 வயதில் மூன்று கட்டைப் பாலம், 5 வயதையொட்டி ஆறு கட்டைப் படிக்கட்டு. முடிவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சில பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவது மாதிரி ஒரே எளிய வழியில்தான் எல்லாவற்றையும் கட்டுவார்கள். கட்டியது சரியாக வந்தபிறகும் அந்த வழி மாறாது.

படத்திலும் அதே கதைதான். வலது பக்கம் பாதித்த பிள்ளை முதலில் கதவு ஒரு மூலையில், கூரை ஒரு மூலையில் என்று சிதறி வரையும். வளர வளர அழகான வீடு வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் அச்சடித்த மாதிரி அதே வீடு. "உலகத்திலேயே இல்லாத வீடு ஒன்று வரை" என்று கேளுங்கள், அப்போது தடுமாற்றம் தெரியும். கிரேட் ஆர் (முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) வகுப்பில் இதைக் கேட்பவர் குறைவு.

தீர்மானத்துக்கு வருமுன் கண்ணைச் சோதியுங்கள். பார்வைப் புலத்தில் ஒரு பாதி தெரியாத பிள்ளை அந்தப் பக்கத்துக் கட்டையைத் தொடாது. கை பலவீனமென்றால் கட்டை நழுவும். பெரிய கட்டையும் வழுக்காத விரிப்பும் கொடுத்து மறுபடி பாருங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் நீட்டும் குழந்தையை, ரோட் டு ஹெல்த் என்ற குழந்தை நலப் பதிவுப் புத்தகத்துடன் உடனே கிளினிக்குக் கொண்டுபோங்கள்.