அப்பாவின் அளவு நோட்டைப் பார்த்து ஒரு சட்டை தைத்தேன்

அப்பா போன பிறகு, சும்மா கிடக்கிற தையல் மிஷினை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் சட்டை, பேண்ட் மட்டும் தைக்கிற சின்னக் கடை அவருடையது. ஜூன் மாதம் பள்ளிச் சீருடை, ஆடிப்பூரத் தேர் முடிந்த கையோடு தீபாவளி வேலை என்று மிஷின் ஓயவே ஓயாது. பட்டன் கட்டுவதைத் தாண்டி என்னை எதுவும் செய்யவிட மாட்டார், போய்ப் படி என்பார். இப்போது அதே மிஷினில் ஒரு அரைக்கைச் சட்டை தைத்து முடித்திருக்கிறேன்.

முதல் வேலை மிஷினை ஓட வைப்பது. பழைய எண்ணெய் பிசினாக இறுகி, கைச்சக்கரம் அசையவே இல்லை. எண்ணெய் போடும் ஓட்டைகளில் மண்ணெண்ணெய் விட்டு, ஊறவிட்டு, கையால் மெல்லச் சுற்றச் சுற்றக் கருப்பாக வழிந்தது. எல்லாவற்றையும் துடைத்த பிறகுதான் மிஷின் எண்ணெய் விட்டேன். ஊசித் தகட்டைக் கழற்றினால், துணியைத் தள்ளும் பல்லுக்கு இடையில் நூல் பிசிறு அப்படியே அடைந்து கிடந்தது, அடியில் காக்கி, நடுவில் வெள்ளை, மேலே கருநீலம். கருநீலம்தான் அவர் கடைசியாகத் தைத்த துணி. அதை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை, ஒரு பாபின் டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். தோல் பெல்ட் தொய்ந்திருந்தது, கொஞ்சம் வெட்டிக் கிளிப் மாட்டியதும் பிடித்துக்கொண்டது.

அப்புறம் மிதி பழகுவது. சக்கரம் பின்பக்கமாகச் சுற்றினால் நூல் சிக்கி அறுந்துவிடும். சின்ன வயதில் அப்பாவிடம் காஜா (பட்டன் ஓட்டை) எடுக்க வந்து, இப்போது தனிக்கடை வைத்திருக்கும் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "பாப்பா, நூல் கோக்காம வெறும் பேப்பர்ல ஓட்டுங்க, கால் தானா படியும்" என்றார். கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓட்டி ஓட்டித்தான் நேர்த்தையல் வந்தது. துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாக வந்தால் எல்லாரும் அடிநூல் இருக்கும் பாபினைத்தான் திருகுவார்கள், பெரும்பாலும் கோளாறு மேல்நூலில் இருக்கும் என்பதும் அவர் சொன்னதுதான்.

சட்டை எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தாத்தாவுக்கு. வருஷக்கணக்காக அப்பாவிடமே தைத்தவர். 36 இஞ்சி பன்னாவில் (துணியின் அகலம்) இரண்டேகால் மீட்டர் பருத்தித் துணி வாங்கி, சுருங்கிவிடாமல் இருக்க முதலில் நனைத்துக் காயப்போட்டேன். அப்பாவின் அளவு நோட்டில் தாத்தாவின் அளவுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக, "இடது அரை இறக்கம்" என்று இருந்தது. அண்ணனைக் கேட்டேன். தாத்தாவின் இடது தோள் அரை இஞ்சி தாழ்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் தோளை இறக்கி வெட்டினால்தான் சட்டை சுருக்கம் விழாமல் நிற்கும், தோளை இறக்கினால் கைக்குழியையும் அதே அளவு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் அக்குள் பிடிக்கும் என்று விளக்கினார். "மாஸ்டர் இதையெல்லாம் கஸ்டமர்கிட்ட சொல்லவே மாட்டாரு, பாப்பா. அளவெடுக்கறப்பவே கண்ணால பாத்துக்குவாரு."

எனக்கு அந்த இடத்தில் வேலை ஓடவில்லை. பகலெல்லாம் மிதித்துவிட்டு, ராத்திரி காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன், ஒருவருடைய உடம்புக் குறையை அவருக்கே தெரியாமல் இத்தனை வருஷம் துணியால் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நோட்டைப் புரட்டினால் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேராக "உள்ளே 2 விடு" என்று நிறைய இடங்களில் இருக்கிறது. கால்சட்டை மடிப்புக்குள் இரண்டு இஞ்சி துணி கூடுதலாக விட்டிருக்கிறார், அடுத்த வருஷம் பையன் வளர்ந்தால் பிரித்து இறக்கிக் கொடுக்க. அதற்குக் கூலியும் வாங்க மாட்டார்.

காலர்தான் ரொம்பப் படுத்தியது. உள்ளே விறைப்பான கான்வாஸ் துணி வைத்துத் தைத்து, முனையில் தையலுக்கு வெளியே நிற்கும் துணியை ஒட்ட வெட்டித் திருப்பினால்தான் கூர் வருகிறது. காஜாவைக் கையாலேயே எடுத்தேன்.

தாத்தா போட்டுப் பார்த்தார். தோள் இரண்டும் சரியாக உட்கார்ந்திருந்தன, அந்த அரை இஞ்சியைப் பற்றி நானும் வாயைத் திறக்கவில்லை. கழுத்து கொஞ்சம் பிடிக்கிறது என்றார், காலர் பட்டியைப் பிரித்து மறுபடி வைக்க வேண்டும். அடுத்தது அம்மாவுக்கு ரவிக்கை. அப்பா ரவிக்கை தைத்ததே இல்லை, அதனால் நோட்டில் ஒன்றும் கிடைக்காது, பக்கத்துத் தெரு அக்காவிடம்தான் வெட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன்.